"யாரம்மா பொறுப்பு?"

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

என் மகளுக்கு முந்திரி ஆகாது. பாயசத்தில் ஒரு துண்டு கிடந்தாலும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். அதனால் அவள் பையில் எப்போதும் இரண்டு அட்ரினலின் பேனா ஊசிகள் இருக்கும். இங்குள்ள மருந்துக் கடைகளில் அவை எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டு உறவினர்தான் வாங்கி அனுப்புகிறார்.

ஊசி போடும் முறையை வகுப்பாசிரியைக்குக் காட்டியபோது அவர் கேட்டார்: "நான் போட்டு ஏதாவது ஆகிவிட்டால் யாரம்மா பொறுப்பு?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

கடும் ஒவ்வாமை அவகாசம் தராது. பிரிட்டனில் இதனால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 2000இல் ஓர் ஆய்வு வெளியானது. உணவு ஒத்துக்கொள்ளாமல் இறந்தவர்களில் பாதிப் பேருக்கு 30 நிமிடத்துக்குள், பூச்சி கொட்டி இறந்தவர்களில் பாதிப் பேருக்கு 15 நிமிடத்துக்குள் மூச்சோ இதயமோ நின்றுவிட்டது. ஏரிக்கரையில் கதண்டு கொட்டும் ஊரக வேலைத் திட்டப் பெண்களுக்கும் இதே கணக்குதான். நம் ஊரிலோ முதலில் கை போவது ஏவில் மாத்திரைக்கு. அது அரிப்பைத் தணிக்கும். அடைக்கும் தொண்டையைத் திறக்காது, சரியும் ரத்த அழுத்தத்தை ஏற்றாது. அதற்கு அட்ரினலின்தான் வேண்டும், அதுவும் உடனே.

ஆம்பூலில் வரும் அட்ரினலின் மலிவு. அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் கண்ணாடியை உடைத்து, சிரிஞ்சில் ஏற்றி, குழந்தையின் எடைக்கு அளந்து போடும்படி பதறி நிற்கும் ஆசிரியையிடம் கேட்க முடியுமா? பேனா ஊசியில் அளவு முன்பே நிரப்பியிருக்கும்: சிறு குழந்தைக்கு 0.15 மில்லிகிராம், பெரியவர்களுக்கு 0.3. தொடையின் வெளிப்பக்கத்தில் சீருடைக்கு மேலேயே அழுத்திப் பிடித்தால் போதும். பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல், மருத்துவர் சீட்டு இல்லாமலே பள்ளிகள் இதை வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

பள்ளிக் கல்வித் துறையோடு பேசி ஓர் அரசாணை போடுங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் உயிர்காக்க ஊசி போட்டால் அவர்மீது நடவடிக்கை வராது என்று அதில் தெளிவாக எழுதுங்கள். ஊசிகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கட்டும். மத்திய அரசின் அனுமதி வேண்டுமென்றால் கேட்டுப் பெறுங்கள். வெயிலில் மருந்து வீரியம் இழக்கும் என்பதால், பள்ளிகளில் சூடில்லாத அறையில் கைக்கு எட்டும்படி, பூட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். கதண்டுத் தொல்லை உள்ள ஊர்களின் துணை சுகாதார நிலையங்களுக்கும் கொடுங்கள்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அந்த அரசாணை வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்