துவாக்குடி என்று பெயர் பொறிப்போம்!



சென்ற வாரம் ஒரு மாலைப் பொழுது. துவாக்குடியில், தஞ்சை சாலையோரத் தேநீர்க் கடை ஒன்று. ஷிப்டு முடித்து வந்த தோழர்கள் நாலைந்து பேர் பெஞ்சியில் அமர்ந்திருந்தோம். அரசியலில் தொடங்கிய பேச்சு, அரிசி விலைக்கு வந்து, ஆறிப்போன தேநீரில் முடியும் வேளையில், கேட்டார் ஒருவர் ஒரு கேள்வி. வெல்டர் அவர். முப்பது ஆண்டுகள் நெருப்புப் பொறியின் எதிரே குனிந்து நின்று, கண் சிவந்து, கை காய்த்தவர்.

"தம்பி! கொதிகலன் குழாயிலே நான் அடிச்ச வெல்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாங்க. ஒரு குறை சொன்னதில்லே. ஆனா, என் வீட்டுக்குள்ளே வந்து பாரு. மிக்சியிலே ஓர் ஊர் பேரு, விசிறியிலே ஓர் ஊர் பேரு, அடுப்பிலே ஓர் ஊர் பேரு. துவாக்குடின்னு பேரு போட்ட ஒரு கரண்டி உண்டா? அதை விடு, இந்த டீ பாய்லர்கூட வெளியூர்ச் சரக்கு!"

சிரித்தனர் மற்றவர்கள். சிரிக்கவில்லை அவர். சிரிக்க முடியவில்லை என்னாலும்.

ஏன், தோழர்களே? மின் நிலையத்தின் கொதிகலனுக்கு உறுப்புச் செய்த ஊர் இது! அந்த ஊரின் தேநீர்க் கடைக்குக் கொதிகலன் வேறோர் ஊரிலிருந்து வருகிறது. கேலியா இது? இல்லை, பாடம்.

துவாக்குடியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1964-இல் வந்தது மண்டலப் பொறியியற் கல்லூரி. இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்று பெயர். 1965-இல் எழுந்தது, செக்கோஸ்லோவாகியா நாட்டின் துணையோடு, திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை. 1975-இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. ஆலையைச் சுற்றி, தாய்க்கோழியைச் சுற்றிக் குஞ்சுகள் போல, சிட்கோ பேட்டையிலும் சாலையின் இருமருங்கிலும் முளைத்தன பட்டறைகள். கல்லும் முள்ளும் கிடந்த நிலம், கைத்திறனின் களமாயிற்று. பிள்ளைகள் படித்தனர், ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. நன்றியோடு நினைக்க வேண்டிய வரலாறு இது; மறுப்பார் இல்லை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வரைபடம் வெளியிலிருந்து வந்தது. அளவு வெளியிலிருந்து வந்தது. வாங்குபவர் ஒருவர். செய்து முடித்த பொருள் எந்த ஊரில், எந்த மின் நிலையத்தில், எவர் வீட்டு விளக்கை எரிய வைத்தது என்பது செய்தவனுக்குத் தெரியாது. நாடெங்கும் புதிய அனல் மின் நிலையங்களுக்கான ஆணைகள் சென்ற பத்தாண்டிலே சுருங்கியபோது, இங்கே பட்டறைக் கதவுகள் பாதி மூடின. எந்திரம் துருப்பிடித்தது, திறன் வேலை தேடி வெளியூர் போயிற்று. ஏன்? திறன் குறைந்ததா? இல்லை! வாங்குபவர் ஒருவர் என்று இருந்தோம்; அவர் வாங்காத நாளில் நம்மைத் தெரிந்தவர் நாட்டில் எவரும் இல்லை.

இதற்கு டில்லியைக் குறை கூறிவிட்டு ஓய்ந்துவிடலாம். எளிய வேலை அது; கைதட்டலும் கிடைக்கும். டில்லியைக் கேட்க வேண்டியதைக் கேட்போம், தயங்காமல் கேட்போம். அத்தோடு நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்.

2024-25-இல் தமிழ்நாடு ஏற்றுமதி செய்த மின்னணுப் பொருள்களின் மதிப்பு சுமார் 1,465 கோடி டாலர். இந்தியாவின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் 41 விழுக்காடு அது. பெருமை! பூரிப்பு! ஆனால் அந்தச் செல்பேசியைத் திருப்பிப் பாருங்கள். பூட்டியவள் நம் வீட்டுத் தங்கை; பொறித்திருப்பது அயல்நாட்டான் பெயர். அன்று துவாக்குடிப் பட்டறையில் நடந்தது, இன்று பெரிய அளவில், பளபளப்பான கூடத்தில் நடக்கிறது. கூலி கிடைக்கிறது, மெத்தச் சரி. பெயர்? பெயரோடு வரும் ஆதாயம்? அது கடல் கடந்து போகிறது.

இந்நிலையில்தான், ஸ்டார்ட் அப் என்று இளைஞர் அழைக்கும் புத்தொழில்கள் சில, வீட்டுப் பொருள் செய்யும் துறையில் புகுந்து, பழம்பெரும் நிறுவனங்களைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கின்றன. பணமூட்டை இருந்ததால் வென்றார்கள் என்பர் சிலர்; பகட்டு விளம்பரத்தால் வென்றார்கள் என்பர் வேறு சிலர். பணமும் வந்தது, விளம்பரமும் வந்தது. ஆனால் பின்னால் வந்தன. முதலில் வந்தது வேறு. விற்பனை என்றால் வாய் என்று நம்புகிறது விளம்பர உலகம். இவர்கள் காட்டியது, விற்பனை என்றால் முதலில் காது!

புதுமை என்று மலைக்காதீர்கள். நம் வீட்டுச் சமையற்கட்டே சான்று கூறும். ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து, தோள் நோக, இடுப்பு ஒடிய மாவாட்டினாள் தமிழ்த்தாய். அந்த வலியைப் பார்த்து, கல்லை மோட்டாரோடு பூட்டினார் கோவை பி. சபாபதி, 1955-இல். இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஊரின் பெயரே பொருளின் பெயர்! மிக்சியின் கதையும் அதுவே. 1960-களில் மாதுரி மாத்தூர் என்ற அம்மையாரின் வீட்டில், வெளிநாட்டு மிக்சி ஒன்று நம் நாட்டு மசாலாவை அரைக்க மாட்டாமல் பழுதாயிற்று. சீமென்ஸில் பொறியாளராக இருந்த அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர், மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் ஈடு கொடுக்கும் மோட்டாரோடு ஒரு மிக்சியை உருவாக்கினார். சுமீத் பிறந்தது. அங்கே ஆராய்ச்சிக் கூடம் எது? மனைவியின் முறையீடு!

இனி இன்றைய பிள்ளைகளைப் பாருங்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த மனோஜ் மீனா, சிபப்ரதா தாஸ் என்ற இருவர். 2012-இல் ஆட்டம்பெர்க் என்ற நிறுவனம் கண்டு, 2015-இல் மின்விசிறி விற்க வந்தனர். மின்விசிறியில் புதுமை செய்ய என்ன இருக்கிறது என்றுதான் உலகம் நினைத்தது. தலைக்கு மேலே சுற்றுகிறது, போதாதா? போதாது என்றது மின் கட்டணச் சீட்டு! பழைய விசிறி குடித்தது சுமார் 75 வாட். பிரஷ் இல்லா மோட்டார் பூட்டி, 28 வாட்டில் சுற்ற வைத்தனர் இவர்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், அறுபது நாளில் ஒரு விசிறிக்கு ஏறத்தாழ 34 யூனிட் மிச்சம். யார் மொழி இது? விளம்பரக்காரர் மொழியா? இல்லை, மாதக் கடைசியில் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கும் பாட்டாளியின் மொழி. முதலில் பெரிய நிறுவனங்களின் கட்டடங்களுக்கு விற்றார்கள். கணக்குப் பார்த்து வாங்குவோர் ஒப்புக்கொண்ட பிறகு, வீடு தேடி வந்தார்கள்.

இன்னொரு சான்று, நம் ஓசூரில். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் 2013-இல் தொடங்கியது ஏத்தர். மின்கலம் செய்து விற்கத்தான் முதலில் எண்ணினர். மின்சார ஸ்கூட்டர் ஓட்டுவோரின் குறைகளைப் பார்த்தபோது, மின்கலம் மட்டுமல்ல, வண்டியே சரியில்லை என்று புரிந்தது. ஆண்டுகள் உழைத்து, 2018-இல்தான் வண்டியை வாங்குவோர் கையில் கொடுத்தனர். நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது? இதுதானே வாங்குவோரின் அச்சம்! அச்சத்துக்கு ஆறுதல் சொல்லவில்லை அவர்கள். வண்டி சாலைக்கு வருமுன்னரே பெங்களூரில் சார்ஜ் ஏற்றும் நிலையங்களை நிறுவத் தொடங்கினர். குடும்பத்தோடு போக இருக்கை போதவில்லை என்ற குறைக்கு, 2024-இல் பெரிய இருக்கையோடு இன்னொரு வண்டி பதிலாக வந்தது. 

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு, அமெரிக்காவில். பழச்சாறு பிழிய ஓர் எந்திரம், ஜூசெரோ என்று பெயர். சுமார் 12 கோடி டாலர் முதலீடு திரட்டினார்கள். 2016-இல் 699 டாலர் விலை வைத்தார்கள். புகழுரை மழை! பொறியியல் அதிசயம் என்ற முழக்கம்! 2017 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தியாளர்கள் எந்திரத்துக்குள் வைக்கும் சாற்றுப் பையை எடுத்தனர், வெறுங்கையால் பிழிந்தனர், சாறு வந்தது! எந்திரம் செய்ததைக் கையே செய்தது! அதே ஆண்டு செப்டம்பரில் கடையைக் கட்டினர். பணம் குறைவா? விளம்பரம் குறைவா? இரண்டும் இல்லை. 'இது உங்களுக்குத் தேவையா?' என்று வாங்குவோரைக் கேட்க மறந்தனர்.

விளம்பரத் தொழில் செய்வோர் இதிலிருந்து கற்க வேண்டியவை மூன்று.

ஒன்று, முழக்கத்தை அறைக்குள் அமர்ந்து தேடாதீர். பயன்படுத்துவோரின் முணுமுணுப்பில் தேடுங்கள். இரண்டு, 'மிகச் சிறந்தது' என்று சொல்லாதீர். இத்தனை வாட், இத்தனை யூனிட், இத்தனை ரூபாய் என்று கணக்குச் சொல்லுங்கள். உழைப்பவன் கணக்கறிந்தவன். மூன்று, விற்றதோடு உறவு முடிந்தது என்று நினையாதீர். பழுது நீக்கும் ஆள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் நாளில்தான் உண்மையான விளம்பரம் நடக்கிறது. பக்கத்து வீட்டம்மாள் பார்த்துக்கொண்டிருப்பாள்!

கடைக்காரருக்கான அறிவுரை கட்சித் தொண்டனுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எதற்கா? இதே திருச்சியில், 1956-இல், நம் மாநில மாநாடு. தேர்தலில் நிற்பதா, வேண்டாமா என்பதைத் தலைவர்களே முடிவு செய்து அறிவித்திருக்கலாம். செய்யவில்லை! வந்திருந்தவர்களிடமே பெட்டி வைத்து வாக்குக் கேட்டனர். கேட்ட பிறகே களம் இறங்கினர். பதினோராண்டில், 1967-இல், கோட்டை நம் கைக்கு வந்தது. ஒலிபெருக்கியால் மட்டும் வளர்ந்த இயக்கமா இது? படிப்பகத்திலும், முடிதிருத்தும் கடையிலும், தேநீர்க் கடைப் பெஞ்சியிலும் அமர்ந்து, எதிரே இருந்தவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு வளர்ந்த இயக்கம்! வாய் வளர்ந்து காது சுருங்கினால், கடைக்கும் கேடு, கட்சிக்கும் கேடு.

'எல்லாரும் முதலாளி ஆகிவிட முடியுமா?' என்று கேட்பவரும் உண்டு. நியாயமான கேள்வி. முடியாது; முடியும் என்று ஆசை காட்டி, உழைப்பவனின் உரிமைப் பேச்சை ஒதுக்கி வைக்கவும் கூடாது. புத்தொழில் என்ற புதுப் பெயரின் மறைவில் எட்டு மணி வேலை பன்னிரண்டு மணியானால், அதை எதிர்த்தும் இந்த ஏடு எழுதும். நான் சொல்வது வேறு. பொருளுக்குப் பெயர் உள்ள ஊரில், உழைப்புக்கு விலை பேசும் வலிமை கூடுகிறது. வாங்குபவர் ஒருவராக இருக்கும்போது அவர் சொல்வது விலை. ஆயிரம் பேராக இருக்கும்போது நாம் சொல்வது விலை. அந்த விலையில் செய்பவனுக்கும் பங்கு கேட்போம்!

என்ன செய்யலாம்? கூப்பிடு தூரத்தில் கல்லூரி. அங்கே தொழில்முனைவோரை வளர்க்கும் மையமும் இருக்கிறது. வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பட்டறை இருக்கிறது, கை இருக்கிறது. நடுவே சுவர் மட்டும் நிற்கிறது. மாணவனுக்குப் பட்டறை தெரியாது. பட்டறைக்கு மாணவனைத் தெரியாது. அந்தச் சுவரில் ஒரு வாசல் திறக்க வேண்டும். சிறு பட்டறைகள் கூடிப் பயன்படுத்தும் சோதனைக் கூடமும், வடிவமைப்புக் கூடமும் பேட்டைக்குள்ளேயே வேண்டும்; இதை அரசிடம் கேட்போம். ஆணை வாங்கித் தருவதோடு நில்லாமல், சொந்தப் பெயரில் பொருள் செய்யத் துணிபவனுக்குக் கடன் வழி எளிதாக வேண்டும். இதை வங்கியிடம் கேட்போம். திருச்சியைச் சுற்றி வாழைத் தோட்டம். 1993 முதல் வாழைக்கென்றே ஆராய்ச்சி மையமும் இங்கு உண்டு. தாரைத் தோளில் சுமப்பவனுக்கு என்ன கருவி வேண்டும் என்று நம்மில் யார் கேட்டோம்?

கேட்டேன் நான், அன்று மாலையே. வாழைத் தோட்டத்தில் அல்ல. அந்தத் தேநீர்க் கடையில்.

"அண்ணே, இந்தப் பாய்லரிலே என்ன குறை?" என்றேன் டீ மாஸ்டரிடம்.

ஆற்றிக்கொண்டிருந்த குவளையை நிறுத்தினார் அவர். "குறையா? கேளுங்க! கேஸ் தின்னுது. உப்புப் படிஞ்சா சுரண்ட வழி இல்லே. குழாய்த் திருகு மாசத்துக்கு ஒருதரம் ஒழுகுது. பிடி சுட்டுக் கை வெந்துபோகுது. பதினைஞ்சு வருசமா டீ ஆத்துறேன். இதை ஒருத்தன் வந்து கேட்டதில்லே!"

வெல்டர் தோழர் எழுந்தார். பாய்லரைச் சுற்றி வந்தார். குழாய் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இந்தச் சேர்மானமே தப்பு தம்பி" என்றார். கடைக்காரரிடம் பழைய நாளிதழ் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் ஓரத்தில் கோடு போடத் தொடங்கினார்.

இன்னும் பாய்லர் பிறக்கவில்லை, தோழர்களே. பணம் இல்லை, பட்டறைச் சாவி வேறொருவர் கையில். ஆனால் கேள்வி பிறந்துவிட்டது. அன்று அந்த ஓரத்தில் கோட்டுக்குக் கீழே அவர் கொட்டை எழுத்தில் எழுதியதைப் பார்த்தேன்: துவாக்குடி.

அந்தப் பெயரைக் காகிதத்திலிருந்து இரும்புக்கு ஏற்றுவது நம் அனைவரின் வேலை!