நீளக் கைக்காரனின் முதல் வில்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் பையனிடமிருந்து போன். மில்வாக்கியில் படிக்கிறான்.

"சித்தப்பா, நானும் ஒரு வில் வாங்கலாம்னு இருக்கேன். கூடப் படிக்கிற பசங்க செப்டம்பர்ல மான் வேட்டைக்குப் போறாங்க. 70 பவுண்டு வில் ஒண்ணு தள்ளுபடியில வருது. எடுத்துரட்டுமா?"

"எடுக்காதே."

"ஏன், விலை ஜாஸ்தியா?"

"விலை இல்லடா. உன் கை."

மீதியை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். அவனுக்கு மட்டும் எழுதுவதை இங்கேயே எழுதிவிட்டால் வேறு யாருக்காவது உதவுமே என்றுதான் இந்தப் பதிவு.

எங்கள் குடும்பத்துக்கே கை நீளம். (உடனே பர்ஸைத் தடவிப் பார்க்காதீர்கள், நிஜமாகவே நீளம் :-)) என் உயரம் ஆறடி, அதாவது 72 அங்குலம். இரண்டு கையையும் விரித்து நின்றால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை 76 அங்குலம். பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஊரில் பிளம்ஸ் பறிக்க ஏணி கேட்டால், "உனக்கெதுக்குடா ஏணி?" என்பார் அப்பா. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா ஆஜானுபாகு என்று பட்டமே கொடுத்துவிட்டார். முழங்கால் வரை கை நீண்டால் வீர லட்சணமாம். அந்த லட்சணத்தோடு நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

ஊர் காந்தளூர். ராஜராஜனின் காந்தளூர்ச்சாலை இது இல்லை, அது திருவனந்தபுரம் பக்கம். இது இடுக்கி மாவட்டத்தில் மறையூரைத் தாண்டி மலையேறினால் வருவது. மாநிலம் கேரளம், வீட்டில் பேச்சு தமிழ், சாமான் வாங்க உடுமலைப்பேட்டை. பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ், கொஞ்சம் பழமரங்கள். விளைச்சல் வரும் நேரத்தில் பன்றியும் வரும். ஒரு ராத்திரியில் ஒரு குடும்பம் பூண்டுப் பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். அப்பா பரணில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டே விடிய வைப்பார். நானும் கூட உட்கார்ந்திருக்கிறேன். கையில் கவட்டை இருக்கும். பன்றியைத் தவிர எல்லாவற்றையும் அடித்திருக்கிறேன்.

அங்கே வில்லெடுத்துக் காட்டுக்குள் போனால் ஜெயில்தான். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை. கீழே சின்னாறு 1984-இல் சரணாலயமானது. 2022-இல் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அதுவும் உரிமம் உள்ள துப்பாக்கிக்குத்தான், கண்ட கண்ட ஆயுதத்துக்கு இல்லை. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. சின்னாறு ரோட்டில் பஸ்ஸை மறித்து நிற்கும் காட்டெருமையைப் பார்த்தவனுக்கு அது அங்கேயே நிற்கட்டும் என்றுதான் தோன்றும்.

விஸ்கான்சின் கதை வேறு. இங்கே மான் ஏராளம். சோளக்காட்டை மேய்கிறது, ராத்திரியில் கார் முன்னால் பாய்கிறது. வேட்டையாடித்தான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். செப்டம்பர் நடுவில் வில் சீசன் ஆரம்பம். 1973 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழைக் காட்டித்தான் லைசென்ஸ் வாங்க வேண்டும். நானும் ஆபீஸ் நண்பர்களோடு போய்ப் படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்தேன். பிறகு வில் வாங்கப் போனேன்.

கடையில் என் கையை யாரும் அளக்கவில்லை. உயரம் கேட்டார்கள், ஆறடி என்றேன். 72-ஐ 2.5-ஆல் வகுத்தால் 28.8. "உங்களுக்கு 29 அங்குலம்" என்று ஒரு வில்லை எடுத்து நீட்டினார்கள். போன வருஷ மாடல், சின்ன வில், 70 பவுண்டு, நல்ல தள்ளுபடி. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? நானும் அளக்கச் சொல்லிக் கேட்கவில்லை. 70 என்ற எண்ணில் எனக்கும் ஒரு மயக்கம் இருந்தது.

அந்த வகுத்தல் கணக்கு சரிதான், வகுக்கவேண்டிய எண்தான் தப்பு. உயரத்தை அல்ல, விரித்த கைகளின் நீளத்தை வகுக்க வேண்டும். 76-ஐ 2.5-ஆல் வகுத்தால் 30.4. ஒன்றரை அங்குலம் வித்தியாசம். ஒன்றரை அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். சட்டை வாங்கும்போது கை ஒன்றரை அங்குலம் குட்டையாக இருந்தால் அப்படியா சொல்வோம்?

இந்த அளவுக்கு டிரா லெங்த் என்று பெயர். நாணை எவ்வளவு தூரம் இழுத்து நிறுத்துகிறோம் என்ற கணக்கு. ஹோலஸ் ஆலன் என்பவர் 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில்தான் இன்று வில் வேட்டைக்காரர்கள் பலர் கையில் இருப்பது. இரண்டு முனையிலும் சக்கரம் மாதிரி கேம் இருக்கும். கடைசி வரை இழுத்ததும் பாரம் சட்டென்று குறைந்துவிடும். 60 பவுண்டு வில்லில் 80 சதவீதம் குறைந்தால் கையில் நிற்பது 12 பவுண்டுதான். ஆனால் அந்தக் கடைசி எங்கே என்பதை வில்தான் முடிவு செய்கிறது. 29-இல் நிற்கும் வில் 29-இல்தான் நிற்கும். உங்கள் கை 30-க்கும் மேலே போகத் தயாராக இருந்தாலும் விடாது.

விளைவு? இழுத்து நிறுத்திய கை தாடைக்கு வந்து சேராது. முழங்கை மடங்கி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். முதுகுத் தசை தாங்கவேண்டிய பாரத்தைப் புஜம் தாங்கும். தலையை நாணைத் தேடி முன்னால் நீட்டுவோம். இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி நீட்டுவோம், அம்பும் அதேபோல ஒவ்வொரு நாள் ஒவ்வொரு இடத்துக்குப் போகும். போதாததற்கு என்னுடையது குட்டை வில். வில் குட்டையாகி இழுப்பு நீளமானால் நாண் மடங்கும் கோணம் ரொம்பக் கூர்மையாகும். மூக்கு நுனி நாணைத் தொடாது, நாணில் உள்ள குறிபார்க்கும் துளை கண்ணை விட்டுத் தள்ளிப்போகும்.

இதெல்லாம் தெரியாமலே கோடை முழுக்கப் பழகினேன். 20 கஜத்தில் ஏதோ ஓரளவு விழுந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

நவம்பர் முதல் வாரம். மரத்தின் மேல் இருக்கை, குளிர், மூன்று அடுக்கு உடுப்பு. காலை ஏழரைக்குப் பெண்மான் ஒன்று வந்து பக்கவாட்டில் நின்றது. விறைத்த தோளோடு 70 பவுண்டை நேராக இழுக்க முடியவில்லை. வில்லை வானத்துக்குத் தூக்கி, உடம்பை முறுக்கி இழுத்தேன். மான் தலையைத் திருப்பியது. அவசரத்தில் விட்டேன். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் போகவேண்டிய அம்பு ரொம்பப் பின்னால் போனது. வயிற்றில்.

நண்பர்களும் நானும் சாயங்காலம் வரை தேடினோம். இலையில் ஒரு துளி, பத்தடி தள்ளி இன்னொரு துளி, ஓடைக்கரையில் அதுவும் நின்றுவிட்டது. மறுநாளும் போய்த் தேடினோம். கிடைக்கவில்லை. வயிற்றில் அம்பு பட்ட மான் பல மணி நேரம் கழித்துத்தான் சாகும் என்று அந்தப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் சரியாகவும் எழுதியிருந்தேன்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். "நம்ம பூண்டைத் தின்ன பன்றியைக்கூட உங்கப்பா தகரம் தட்டித்தானடா விரட்டினாரு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். நீளக் கைக்காரன் கனமான வில் வாங்கக்கூடாது. உயரமான ஆள், பலசாலி, இவனுக்கு 70 என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நேர் எதிராக நினைக்க வேண்டும்.

சைக்கிளை இரண்டடி தள்ளி விடுவதற்கும் அதே பலத்தோடு மூன்றடி தள்ளி விடுவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? வில்லும் அப்படித்தான். இழுப்பு நீளம் என்றால் நாண் அம்பைக் கூடுதல் தூரம் தள்ளிக்கொண்டு போகிறது. காம்பவுண்ட் வில்லில் இழுப்பு ஒரு அங்குலம் கூடினால் அம்பின் வேகம் நொடிக்குச் சுமார் 10 அடி கூடும். பாரத்தில் 10 பவுண்டு கூட்டினால் கிடைப்பது ஏறக்குறைய 15 முதல் 20 அடி. அதாவது, 28 அங்குலக் கைக்காரன் 70 பவுண்டில் அடைவதை 30 அங்குலக் கைக்காரன் 60-இலேயே நெருங்கிவிடுவான். அந்தப் பத்து பவுண்டு உன் கை எலும்பிலேயே இருக்கிறது, தோளை உடைத்து இன்னொரு தடவை சம்பாதிக்க வேண்டாம். விஸ்கான்சினில் மான் வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமே 30 பவுண்டுதான். முதல் வருஷம் 50, கையில் நன்றாக உட்கார்ந்தால் 55. போதும்.

ஆகவே தம்பி, கடைக்குப் போனால் இந்த வரிசையில் பார்.

முதலில் சுவரில் சாய்ந்து கையை விரித்து நின்று அளக்கச் சொல். அதை 2.5-ஆல் வகுத்தால் கிடைப்பது ஆரம்பக் கணக்குத்தான். அதற்கப்புறம் அளவு அம்பை வைத்து இழுக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அரை அங்குலம் இப்படி அப்படி ஆகும். நீளமாக வைத்துக்கொள்வதும் தப்பு. அளவுக்கு மீறி நீண்டால் உடம்பு பின்னால் சாயும், நாண் முன்கையில் அறையும். ஒரு தடவை அறை வாங்கினால் அப்புறம் ஜென்மத்துக்கும் கை பயப்படும்.

இரண்டாவது, அந்த வில்லின் உச்ச அளவு என்ன என்று கேள். பலருக்கும் பொருந்தும் என்று விற்கிற ஆரம்பநிலை வில்களில் சில 30-இல் நின்றுவிடும், சில 31 வரை போகும். உன் அளவு 30.5 என்றால் 30-இல் நிற்கும் வில் இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, வில்லின் நீளம். ஒரு கேம் அச்சிலிருந்து இன்னொரு கேம் அச்சு வரை 33 அங்குலமாவது இருக்கட்டும். மரத்தின் மேல் கொஞ்சம் இடிக்கும். பரவாயில்லை.

நான்காவது, பாரம். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை நேராக நீட்டியபடி இழுத்துப் பார். வில் வானத்தைப் பார்த்தால் பாரம் அதிகம். குறைத்துக் கேள். வெட்கப்படாதே.

கடைசியாக அம்பு. நீளக் கைக்கு நீள அம்பு. அம்பு நீளமானால் அதிகமாக வளையும். அதனால் விறைப்பான அம்பு வேண்டும். அம்பின் மேல் உள்ள எண் சிறியதாக இருந்தால் விறைப்பு அதிகம், 340 என்பது 400-ஐ விட விறைப்பு. நண்பன் மிச்சம் வைத்த அம்பை இரவல் வாங்காதே.

கேம் எல்லாம் வேண்டாம், பழைய மாதிரி ரீகர்வ் வில்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் இன்னொரு கணக்கு. அதில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குலத்துக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இரண்டு மூன்று பவுண்டு ஏறும். 45 என்று எழுதிய வில் உன் கையில் 50-ஐத் தாண்டிவிடும். 58 அங்குலக் குட்டை வில்லில் கடைசி அங்குலங்கள் சுவரைத் தள்ளுகிற மாதிரி இருக்கும். 62, 64 என்று பார்.

"பின்னால் பழகிக்கொள்ளலாம், முதலிலேயே பெரிதாக வாங்கிவிடு" என்பவர்கள் இருப்பார்கள். வளரும் பிள்ளைக்குத் தொளதொள டவுசர் தைக்கிற நம்மூர் புத்தி. டவுசர் தொளதொள என்றால் பையனுக்கு மட்டும்தான் கஷ்டம். வில் பொருந்தவில்லை என்றால் கஷ்டம் வேறொரு உயிருக்கு. குறுக்குவில் வாங்கினால் இந்தக் கை அளவுத் தொல்லையே இல்லையே என்பார்கள். உண்மைதான். இங்கே 2014-இலிருந்து எல்லோருக்கும் அனுமதி இருக்கிறது. பழக நேரமில்லாதவன் அதையே எடுப்பது நாணயமான காரியம் என்பேன்.

கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தைத் துளைத்தான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். சின்ன வயதில் அந்த அம்பின் வேகத்தைத்தான் வியந்தேன். அந்த வில் அவன் கைக்கு எப்படிப் பொருந்தியிருக்கும் என்றுதான் இப்போது யோசிக்கிறேன்.

மறு வருஷம் நான் வேட்டைக்குப் போகவில்லை. பழைய வில்லை விற்றுவிட்டு, 30.5 அங்குலத்தில் 55 பவுண்டு வில் ஒன்று வாங்கி, வருஷம் முழுக்க அட்டையைத்தான் அடித்தேன். அதற்கடுத்த அக்டோபரில் ஒரு மான். 18 கஜம், ஒரே அம்பு, அறுபது எழுபதடி ஓடி விழுந்தது. அம்மாவிடம் அதையும் சொன்னேன். "சரி, வீணாக்காம சாப்பிடு" என்றார்.

தம்பி, அடுத்த சனிக்கிழமை நானே மில்வாக்கி வருகிறேன். டேப் கொண்டு வருகிறேன். அதுவரை அந்தத் தள்ளுபடி வில் கடையிலேயே இருக்கட்டும்.