மூன்று வேளைக்கு ஓர் ஆம்லெட்



விடுமுறை தொடங்கியதிலிருந்து நம் தபால் பையில் ஒரே கேள்வி வெவ்வேறு கையெழுத்தில் வந்துகொண்டிருக்கிறது. பிள்ளை கம்ப்யூட்டரில் ஏதோ பிராணி வளர்க்கிறான், அதற்குத் தீனி வாங்கக் காசு பத்தவில்லை என்று புலம்புகிறான், இது என்ன கூத்து என்று பெற்றோர் கேட்கிறார்கள். கூத்துதான், ஆனால் கணக்கு வழக்கு உள்ள கூத்து. இல்லாத பிராணிக்கு இல்லாத காசில் சிக்கனமாகச் சோறு போடுவது எப்படி என்று இந்த மாதம் இந்தப் பக்கத்தில் பார்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு நியோபெட்ஸ் என்ற இணைய விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். இந்த வகை இணைய விளையாட்டுகளில் மூத்தவற்றில் ஒன்று அது, பணப்புழக்கமும் அதில்தான் சுவையானது. ஆடம் பவல், டோனா வில்லியம்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் இளைஞர்கள் 1999 நவம்பரில் அதைத் தொடங்கினார்கள். 2005-இல் வயாகாம் நிறுவனம் 16 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பிறகு கை மாறி மாறி, 2023-இல் தனி நிறுவனமாகி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ப்ரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த தலைமுறைக்கு இந்தப் பெயர் நினைவிருக்கலாம். அன்று பிராணியின் தீனியைவிட நாற்காலி வாடகைதான் பெரிய செலவு.

அதற்கும் முன்னால் 1996-இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் தமகோச்சி என்ற முட்டை வடிவப் பொம்மையைக் கொண்டுவந்தது. அதற்குள் இருக்கும் குஞ்சுக்கு வேளாவேளைக்குத் தீனி கொடுக்காவிட்டால் செத்துப்போகும். பள்ளிக்கூடங்கள் தடை போட்டன; பிள்ளைகள் வகுப்புக்குப் போன நேரத்தில் அம்மாக்கள் அலுவலகத்தில் அதற்குப் பசியாற்றிக்கொண்டிருந்தார்கள். பல லட்சக்கணக்கான மனித உழைப்பு நேரத்தை இல்லாத பிராணி வளர்ப்புக்குத் திருப்பிவிட்ட சாதனைக்காக அதை உருவாக்கிய இருவருக்கும் 1997-இல் பொருளாதாரத்துக்கான இக்நோபல் என்ற கேலிப் பரிசு கிடைத்தது. அந்தக் கேலியில் உண்மை இருந்தது. தமகோச்சியில் தீனிக்குக் காசு தட்டுப்பாடு கிடையாது. தட்டுப்பாடெல்லாம் உங்கள் நேரத்துக்குத்தான்.

நியோபெட்ஸ் இதைத் தலைகீழாக்கியது. அங்கே பிராணி சாகாது. பசி ஏற ஏற அதன் நிலைக்கு ஒவ்வொரு பெயர்: 'பசிக்கிறது', 'ரொம்பப் பசிக்கிறது', 'பட்டினி', கடைசியில் 'சாகக் கிடக்கிறது'. அந்தக் கடைசிப் படியிலேயே மாதக்கணக்கில் கிடந்தாலும் உயிர் போகாது. நீங்கள் திரும்பி வந்து ஒரு வாய் ஊட்டியதும் மேலே ஏறத் தொடங்கும். மறுபக்கம் 'வயிறு நிறைந்தது', 'உப்பிவிட்டது' என்று போகும். உப்பிய பிராணி எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று மறுத்துவிடும். சாவு பயத்தை எடுத்துவிட்ட இடத்தில் வடிவமைப்பாளர்கள் வைத்தது விலைவாசியை. தீனிக்கு நியோபாயிண்ட் என்ற விளையாட்டுக் காசு வேண்டும். நியோபாயிண்டுக்குச் சின்னச் சின்ன விளையாட்டுகள் ஆட வேண்டும், அல்லது கடை போட்டு வியாபாரம் பார்க்க வேண்டும்.

புதிதாக வரும் பிள்ளைகள் தடுமாறும் இடம் இங்கேதான். விலை கூடிய தீனி நிறையப் பசியாற்றும் என்று நினைத்துச் சேர்த்ததையெல்லாம் ஒரே தட்டில் கொட்டிவிடுகிறார்கள். அங்கே ஒரு பண்டத்தின் விலைக்கும் அது பசியாற்றும் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. விலை ஏறுவது அந்தப் பண்டம் எவ்வளவு அரிது என்பதால். தெருமுனை மெஸ்ஸில் சாப்பிட்டாலும் நட்சத்திர ஓட்டலில் சாப்பிட்டாலும் மத்தியானப் பசி அடங்குவது ஒரே மாதிரிதானே. ஆகவே விலைச்சீட்டை விட்டுவிட்டு, ஒரு நியோபாயிண்டுக்கு எத்தனை வாய் கிடைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஆம்லெட்டுக்கு நிகர் எதுவும் இல்லை. விளையாட்டின் ஆதிகால உலகமான டைரானியாவின் மேட்டுநிலத்தில் ராட்சத ஆம்லெட் ஒன்று எப்போதும் வெந்துகொண்டிருக்கும். நாளுக்கு ஒருமுறை போய் ஒரு துண்டு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். காவலுக்கு நிற்கும் சேபர்-எக்ஸ் சில நாள் விரட்டிவிடும். அன்று வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கிடைத்த துண்டு ஒரே வாயில் தீராது. ஒருமுறை ஊட்டினால் மூன்றில் இரண்டு பங்காகும், மறுமுறை மூன்றில் ஒரு பங்காகும், மூன்றாம் முறைதான் காலி. ஒரே பொருள் மூன்று தடவைக்கு வருகிறது. கையில் வந்தது அபூர்வ வகை ஆம்லெட்டாக இருந்தால் பழகிய ஆட்டக்காரர் அதைப் பிராணிக்குக் காட்டவே மாட்டார். கடையில் விற்றுவிட்டு, வரும் காசில் சாதா ஆம்லெட்டுகளை வாங்கிப் பெட்டகத்தில் அடுக்கிவைப்பார். பெட்டகத்தில் வைத்த பண்டம் எத்தனை வருஷமானாலும் கெடாது.

ஜெல்லி உலகம் என்ற இன்னொரு பகுதியில் இதேபோல் தினம் ஒரு துண்டு ஜெல்லி உண்டு. அப்படி ஓர் உலகமே இல்லை என்று தளத்தார் சாதித்துக்கொண்டிருப்பது பழைய நகைச்சுவை. வரைபடத்தில் இல்லாத ஊரில் சாப்பாடு மட்டும் இருக்கிறது!

இலவசமாகக் கிடைத்தது போதாவிட்டால் கடைக்குத்தான் போக வேண்டும். தளம் நடத்தும் கடைகளுக்கு ஓடிப் பேரம் பேசுவதைவிட, மற்ற ஆட்டக்காரர்கள் போட்டிருக்கும் கடைகளில் தேடுவது லாபம். அதற்கென்றே ஷாப் விசார்ட் என்ற தேடல் இருக்கிறது. பண்டத்தின் பெயரைச் சொன்னால் குறைந்த விலையிலிருந்து வரிசைப்படுத்திக் கொடுக்கும். முதல் பட்டியலோடு நிற்கக்கூடாது. ஒவ்வொரு தேடலும் எல்லாக் கடைகளையும் காட்டுவதில்லை, ஒரு பகுதியை மட்டுமே காட்டும். நாலைந்து முறை தேடினால் விலை இறங்கும் வாய்ப்பு அதிகம். ரொம்பத் தொந்தரவு செய்தால் விசார்ட் கோபித்துக்கொண்டு சற்று நேரம் பதில் சொல்லாது, அவ்வளவுதான்.

ஸ்கீத், கிரார்ல் என்ற இரண்டு இனங்கள் தீனி அல்லாத பொருட்களையும் விழுங்கக்கூடியவை. இவற்றை வளர்ப்பவர்களுக்குச் செலவே இல்லை. விற்காத பொருள், உடைந்த சாமான் எல்லாம் சாப்பாடாகிவிடும். இவை மட்டும் போதாதா என்று கேட்டால், பிள்ளைகள் பிராணியைத் தேர்ந்தெடுப்பது முகத்தைப் பார்த்துத்தான், வயிற்றைப் பார்த்து அல்ல.

எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது கையில் காசே இல்லாதவனுக்கு அது செய்திருக்கும் ஏற்பாடு. சூப் தேவதை என்று ஒருத்தி இருக்கிறாள். கையிருப்பு குறைவாக உள்ளவர்களின் பிராணிகளுக்கு இலவசமாக சூப் ஊட்டுவாள். வசதியானவர்கள் போனால் திருப்பி அனுப்பிவிடுவாள். பண மரத்தடியில் மற்றவர்கள் தானமாகப் போட்ட பொருட்கள் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நல்ல பொருளாகப் பார்த்துக் கையை நீட்டுவதற்குள் வேறொருவர் எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஆனாலும் ஒரு பழமோ அரை ரொட்டியோ தேறும். ஊருக்குப் போகிறவர்களுக்கு நியோலாட்ஜ் என்ற விடுதி. அதில் கரப்பான் கோபுரம் என்று ஒரு மலிவு அறை, ஓர் இரவுக்கு 5 நியோபாயிண்ட். அதிகபட்சம் 28 நாள் விட்டுவைக்கலாம், மொத்தம் 140 நியோபாயிண்ட். தங்கியிருக்கும் நாளெல்லாம் விடுதியே தீனி போட்டுவிடும். பெயரைக் கேட்டு முகம் சுளித்து விலை கூடிய அறையைத் தேடும் பிள்ளைகள் உண்டு. பிராணிக்கு எந்த அறையிலும் வயிறு நிறையும். பரீட்சை மாதத்தில் கம்ப்யூட்டரை மூடிவைக்கச் சொல்லும் பெற்றோருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. "விடுதியில் விட்டுவிட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். இந்த வீட்டில் இது தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறாரே என்று பிள்ளை அசந்துபோகும்.

இவ்வளவு இலவசம் எதற்கு என்ற சந்தேகம் வர வேண்டும், வருவதுதான் நல்லது. ஆம்லெட் நாளுக்கு ஒன்று என்பதில்தான் சூட்சுமம். வாரத்துக்கு ஏழாகச் சேர்த்து வாங்கிக்கொள்ள முடியாது, தினமும் வந்து கையை நீட்ட வேண்டும். தமகோச்சி மிரட்டி வரவழைத்ததை இது சோறு போட்டு வரவழைக்கிறது. தளத்துக்கு வேண்டியது உங்கள் வருகை, அதற்குத்தான் விளம்பரதாரர் காசு கொடுக்கிறார். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'இலவசம்தானே அப்பா' என்று பிள்ளை சொல்லும்போது, எதைக் கொடுத்து அந்த இலவசத்தை வாங்குகிறாய் என்று திருப்பிக் கேட்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியக்கூடிய கேள்விதான்.

நிஜக் காசு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2007-இல் நியோகேஷ் என்ற வேறு நாணயம் வந்தது. அதை நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். அது பெரும்பாலும் பிராணியின் உடை, அலங்காரத்துக்கானது; பசியாற்ற அது தேவையே இல்லை. சாப்பாட்டுக்கு என்று சொல்லி யாராவது உங்கள் கார்டைக் கேட்டால், வேண்டியது சட்டைக்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

விலை உயர்ந்த தீனிக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. அதற்கு கோர்மே கிளப் என்று பெயர். அபூர்வமான பண்டங்களை எத்தனை வகை தின்றது என்று ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு கணக்கு உண்டு. தின்ற பண்டத்தையே மறுபடி தின்றால் கணக்கில் சேராது. பட்டியலில் முன்னால் வர லட்சக்கணக்கில் நியோபாயிண்டைக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பசிக்கான செலவே கிடையாது, பகட்டுக்கான செலவு. நம் கல்யாணப் பந்திகளைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த விளையாட்டிலோ வேறெதிலோ பிராணி வளர்த்தால், ஒரு வாரத் தீனிச் செலவை நோட்டில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். என்ன வாங்கினார்கள், என்ன விலைக்கு, எத்தனை வாய்க்கு வந்தது என்று மூன்று கட்டம் போட்டால் போதும். மிகக் குறைந்த செலவில் வயிறு நிறைத்தவர்களின் கணக்கை அடுத்த இதழில் அப்படியே அச்சிடுகிறோம். பெற்றோர் கணக்கைத் திருத்தி அனுப்ப வேண்டாம். கூட்டலில் பிழை இருந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்