விளக்கெரியவும் விண்ணப்பமா?

குளிர் நாடுகளில் ஏழையின் கவலை கணப்பு நெருப்பு. ஹுத்தான் மெலிந்தாங் போன்ற வெப்ப மண்ணில் அது விளக்கும் விசிறியும். எங்கும் உதவியின் அறம் ஒன்றே. பிரித்தானியாவில் 1997இல் தொடங்கிய குளிர்கால எரிபொருள் தொகை, முதியோர் பெரும்பாலோரைக் கேளாமலே சென்றடைந்தது.

மலேசியாவிலும் 2008 அக்டோபர் முதல், 20 ரிங்கிட்டுக்கு மேற்படாத இல்ல மின்கட்டணத்தை அரசே ஏற்றது, விண்ணப்பம் வேண்டப்படவில்லை. 2019 ஜனவரியிலோ சலுகை 40 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால் இ-காசே பதிவேட்டில் இடம்பெற்ற ஏழைகளுக்கு மட்டுமே என வரையறுக்கப்பட்டது. முன்னைய முறையில் ஆளில்லா வீடும் பயன்பெற்றிருக்கும் என்பர். மெய்யே. எனினும், களை பறிக்கப் புகுந்தவர் பயிரையும் பறிக்கலாமா? தோட்டம் துண்டாடப்பட, லயத்தைவிட்டுப் பெயர்ந்த பால்மரத் தொழிலாளி அப்பதிவேட்டின் பெயரையே அறியாதிருப்பின், அது அவன் குற்றமாகுமா? பட்டியலில் இல்லாதவன் வறியவன் அல்லன் என்றாகிவிடுமா?

குறைந்த மின்சாரம் செலவிடும் வீடுகளின் கணக்கு தெனாகா நேஷனலிடம் உண்டு. அதனைக் கொண்டு அதிகாரிகள் வீடுதேடிச் சென்று பதிவு செய்தல் வேண்டும். ஏழை அரசைத் தேடி அலைவது இரத்தல். அரசு ஏழையைத் தேடி வருவதே ஈதல். அந்நாள் வரும்வரை, அண்டை வீட்டாரின் விண்ணப்பத்தை நிரப்பித் தருவது எழுத்தறிந்த ஆசிரியர், மாணவர் அனைவரின் கடனாகும்.