செருகுநிரல்களும் உடுக்கைப் பாட்டும்

லினக்ஸ் இயங்குதளத்தில் உலாவியின் பல்லூடகச் செருகுநிரல்களை இயங்கவைப்பது பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேச என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கணினி வல்லுநர்கள் பேசி முடித்துவிட்ட பழங்கதை என்றும் சொல்லக்கூடும். ஆயினும், தமிழின் ஒலியும் அசைபடமும் யாருடைய பூட்டுக்குள் வைக்கப்பட்டன என்னும் கேள்வி இந்தச் சிறு சங்கடத்துக்குள் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் உலாவி தானாகக் காட்டியவை எழுத்தும் படமும் மட்டுமே. ஒரு பாடலைக் கேட்க ரியல் பிளேயரோ விண்டோஸ் மீடியாவோ வேண்டும். அசைபடம் காண ஃப்ளாஷ் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் தனியுடைமை. விண்டோஸ் கணினியில் ஓரிரு சொடுக்குகளில் முடிந்த வேலை, லினக்ஸில் ஒரு முழு மாலைப்பொழுதைத் தின்றது. எம்பிளேயருக்கு விண்டோஸின் கோடெக் கோப்புகளைக் கடன்வாங்கித் தரவேண்டும். 64 பிட் உலாவியில் 32 பிட் ஃப்ளாஷை ஓடவைக்க இடையில் இன்னொரு நிரலை நிறுத்த வேண்டும். ஃப்ளாஷின் எட்டாம் பதிப்பு லினக்ஸுக்கு வரவே இல்லை. ஒன்பதாம் பதிப்பு 2007 ஜனவரியில்தான் வந்தது. எம்.பி.3 வடிவத்தின்மீது காப்புரிமை இருந்தமையால், ஃபெடோரா போன்ற வழங்கல்கள் 2016இன் இறுதிவரை அதை ஒலிக்கச் செய்யும் நிரலைக்கூடத் தம்மோடு சேர்த்துத் தரவில்லை.

தமிழ்நாட்டில் இது நாலைந்து ஆர்வலர்களின் தலைவலியாக மட்டும் இருக்கவில்லை. சி. உமாசங்கர் பொறுப்பில் இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸின் பக்கம் திரும்பியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் காலக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. பொங்கலூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் பலருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுவே. அவர்கள் பாஸ் லினக்ஸைத் திறந்தார்கள், காணொளி ஓடவில்லை, மூடிவிட்டார்கள். “அதுல பாட்டு வராதுங்க ஐயா” என்பதே எம்மிடம் அவர்கள் வழங்கிய ஒற்றைவரி மதிப்புரை.

அந்த மதிப்புரை நியாயமற்றது என்பதே நம் வாதம். பாட்டு வராததற்குக் காரணம் லினக்ஸை எழுதியவர்களின் திறமைக்குறைவு அன்று. வடிவத்தின் உரிமையாளர் கதவைத் திறந்தால் உள்ளே போகலாம், இல்லையேல் வெளியே நிற்கவேண்டும் என்பதே அன்றைய நிலை. 2012இல் அடோபி நிறுவனம், லினக்ஸுக்கான புதிய ஃப்ளாஷ் இனி கூகுளின் குரோம் உலாவி வழியாக மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தது. 2016இல் அம்முடிவை மாற்றிக்கொண்டது. இவ்விரு முடிவுகளிலும் பயனாளருக்கு எந்தப் பங்கும் இல்லை.

லினக்ஸ் பயனாளர்கள் அனுபவித்த இந்தக் கதவடைப்பு பின்னர் அனைவருக்கும் வந்தது என்பதைத்தான் நாம் வலியுறுத்த விரும்புகிறோம். 2020 டிசம்பர் 31உடன் ஃப்ளாஷுக்கான ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல், செருகுநிரல் தானே எதையும் ஓட்ட மறுத்தது. அன்றைக்கு விண்டோஸ் வைத்திருந்தவரும் பழைய லினக்ஸ்காரரின் நிலைக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் துறையின் அலமாரியில் ஒரு குறுவட்டு இருக்கிறது. 2006இல் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று பதிந்த உடுக்கைப் பாட்டும் கும்மிப் பாட்டும் அதில் உள்ளன. வெளியார் ஒருவர் அவற்றை உலாவியில் திறக்கும் ஃப்ளாஷ் பக்கங்களாக அழகுபடச் செய்துதந்தார். பாடியவர்களில் இருவர் இன்று இல்லை. 2021க்குப் பிறகு அந்த வட்டைத் திறந்தால் வெறும் சாம்பல்நிறக் கட்டமே தெரிந்தது. ஒலியை மீட்டுத் தந்தவர் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர். தம் லினக்ஸ் கணினியில் எஸ்டபிள்யூஎஃப்டூல்ஸ் என்னும் கட்டற்ற கருவியைக் கொண்டு, ஃப்ளாஷ் கோப்புக்குள் பொதிந்திருந்த எம்.பி.3 ஒலியைத் தனியே பிரித்தெடுத்தார். “அதுல பாட்டு வராதுங்க” என்று இகழப்பட்ட இயங்குதளத்திலிருந்துதான் பாட்டு வந்தது.

இதனோடு வேறு இரண்டு முயற்சிகளை ஒப்பிடலாம். காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் 1965இல் பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். ஒலிநாடாவைப் படிக்கும் எந்தக் கருவியும் அதை ஒலிக்கச் செய்யும். எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் நூல்களை வெறும் எழுத்தாக, முதலில் தகுதரத்திலும் பின்னர் ஒருங்குறியிலும் தந்தது. குறியேற்றம் மாறியபோது நூல்கள் அழியவில்லை. தகுதரத்தின் அட்டவணை எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்ததால் மாற்றி எழுத முடிந்தது. எளிய வடிவம் நிலைத்தது. அலங்கார வடிவம் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டவில்லை.

இப்போது எச்.டி.எம்.எல்.5 வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்பவர் உண்டு. 2014இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அதைப் பரிந்துரையாக வெளியிட்ட பின், ஒலியும் காணொளியும் செருகுநிரல் இன்றியே உலாவியில் ஓடுகின்றன என்பது உண்மை. பெரும் விடுதலைதான். ஆனால் 2017இல் அதே அமைப்பு, பூட்டிய காணொளிகளுக்கான இடைமுகம் ஒன்றையும் ஏற்றுக்கொண்டது. அதை எதிர்த்து மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை வெளியேறியது. வைட்வைன் போன்ற மூடிய நிரல்கள் உலாவிக்குள் இருந்துகொண்டு, எந்தக் கணினியில் எந்தத் தரத்தில் படம் ஓடலாம் என்று இன்றும் தீர்மானிக்கின்றன. வணிகத் திரைப்படத்துக்கு அதன் உரிமையாளர் பூட்டுப் போடுவதை விவாதிக்கலாம். பொதுப்பணத்திலும் மாணவர் உழைப்பிலும் உருவாகும் தமிழ்த் தரவுக்குப் பூட்டு எதற்கு?

ஆகவே தமிழ்த்துறைகளுக்கும் நூலகங்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. களப்பதிவின் மூல ஒலியை டபிள்யூஏவி அல்லது ஃபிளாக் வடிவில் தனியே காத்துவையுங்கள். பாடலின் எழுத்துவடிவத்தை ஒருங்குறியில் உடன் சேருங்கள். அலங்காரப் பக்கங்களும் செயலிகளும் வேண்டுமானால் அவற்றுக்குப் பிறகு வரட்டும். எதையும் பணம் கொடுத்துப் பெறுமுன், கூடுதல் நிரல் எதுவும் நிறுவாத ஒரு லினக்ஸ் கணினியில் திறந்து பாருங்கள். திருப்பூரில் ஒரு பனியன்கூடச் செக்கிங் மேசையைக் கடக்காமல் பெட்டிக்குள் போவதில்லை. நம் உடுக்கைப் பாட்டுக்கு அந்த அளவு சோதனையாவது வேண்டும்.