வான் பாயுற தண்ணி எங்கட தண்ணி இல்லை

இரணைமடு வான் பாயுற வீடியோ மார்கழி வந்தால் முகநூலில் சுத்தத் தொடங்கிவிடும். கீழே, "குளம் நிரம்பிட்டுது, இனிக் கவலையில்லை" எண்டு பின்னூட்டங்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். அது கனகராயன் ஆற்றோடு போய்ச் சுண்டிக்குளத்தால் கடலில் விழப்போற தண்ணி. அதில எங்களுக்கு என்ன கொண்டாட்டம்?

காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைப் பிடித்து வைத்திருக்கும். இந்த ஒரு விதி குளத்தை இரண்டு பக்கத்தாலும் அடிக்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரை விட்டுவிட்டுப் பெய்ய வேண்டிய மழை இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்க்கும். நிலம் ஊறுறதுக்கு முதலே வெள்ளம் குளத்துக்கு வந்துவிடும், கதவைத் திறக்காமல் வழியில்லை. பிறகு பங்குனி வெயில், அதுக்குப் பிறகு சோழகம். தாகமெடுத்த அந்தக் காற்று, பரந்து கிடக்கிற குளத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வருச மழை ஒரு துளியும் குறையாமலே சிறுபோகம் காயலாம். "இந்த முறை நல்ல மழைதானே" எண்டு சொல்றவை மொத்தத்தை மட்டும்தான் பார்க்கினம்.

மற்றப் பக்கம் எல்லாத்துக்கும் "காலநிலை மாற்றம்" எண்டு கையை விரிக்கிறவை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. வான்கதவு நேரத்துக்குத் திறந்ததா எண்டு பெரிய சர்ச்சை. யார் பிழை எண்டு சொல்ல நான் வரேல்லை. ஆனால் சிறுபோகத்துக்காக நிரப்பி வை, வெள்ளத்துக்காக வெறுமையாக்கு எண்டு ஒரே குளத்திடம் இரண்டையும் கேட்கிறோம். பழைய சராசரி மழையை நம்பி அந்த முடிவை இனி எடுக்க ஏலாது.

மேல, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம், இதே ஆற்றுப் படுகையில் எத்தனை சின்னக் குளங்கள் தூர்ந்து கிடக்குது! வெள்ளத்தை மறிச்சு மெல்ல மெல்ல விடுறதும், நிலத்தடி நீரை ஊட்டுறதும் அதுகள்தான். அதுகளைத் திருத்தினால் திறப்புவிழாப் படம் நல்லா வராது போல.

யாழ்ப்பாணத்துக்குத் தண்ணி குடுக்கிறதா இல்லையா எண்டு வருசக்கணக்காகச் சண்டை பிடிச்சோம். இருந்த தண்ணி எவ்வளவு, இனி எப்பிடி வரும் எண்டதை விட, ஆர் பெரிய ஆள் எண்டதைத்தான் கூடக் கதைச்சோம். (நானும் யாழ்ப்பாணத்தாள்தான், எனக்கும் சேர்த்துத்தான் சொல்றன்.)

என்ர சித்தப்பா குத்தகைக் காணியில் செய்யிறவர். சிறுபோகத்தில் பங்கு பிரிக்கேக்க அவருக்குத் தண்ணிப் பங்கு இல்லை, காணிக்காரருக்குத்தான். அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்து மட்டத்தை மட்டும் வாசிச்சுப்போட்டு எழும்பாதேங்கோ. மேலுள்ள குளங்களின் நிலை என்ன, ஆவியாகிப் போறது எவ்வளவு, வான் பாய்ந்து போனது எவ்வளவு எண்டும் சொல்லுங்கோ. குத்தகைக்காரருக்கும் ஒரு கதிரை போடுங்கோ.