சென்னை டூ பெங்களூரு: வீடு மாற்ற எவ்வளவு பணம் வேண்டும்? லாரி வாடகையை தாண்டி கையை கடிக்கும் கணக்கு!

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தாச்சு. அடுத்த மாசம் 1ஆம் தேதி பெங்களூரு ஆபீஸ்ல ஜாயின் பண்ணணும். இப்படி ஒரு செய்தி வந்ததும் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, "சாமான் ஏத்திட்டு போக லாரிக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான்.

ஆனால் மொத்த செலவில் லாரி வாடகை ஒரு சின்ன பங்குதான். சம்பளம் கூடுது என்ற சந்தோஷத்தில் ஊர் மாறும் பல குடும்பங்கள், முதல் மாசமே கிரெடிட் கார்டையும் நகைக்கடனையும் தேடுவதற்கு காரணம் வேறு. பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே புது வீட்டு அட்வான்ஸை கட்ட வேண்டியிருக்கிறது. எவ்வளவு செலவு என்பதோடு, எந்த தேதியில் பணம் போகும், எந்த தேதியில் வரும் என்பதையும் சேர்த்து கணக்கு போட்டால்தான் தப்பிக்க முடியும். இதுகுறித்து விரிவாக பார்க்கலாம்.

முதல் மாசம் கையில் எவ்வளவு இருக்கணும்?

ஒரு உதாரணத்துக்கு, சென்னையில் 18,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம், பெங்களூருவில் 25,000 ரூபாய் வாடகைக்கு போகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை கணக்கை புரிய வைப்பதற்கான தொகைகள். உங்க வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

• புது வீட்டு அட்வான்ஸ் (6 மாத வாடகை): 1,50,000
• முதல் மாத வாடகை: 25,000
• புரோக்கர் கமிஷன் (ஒரு மாத வாடகை): 25,000
• பேக்கிங், லாரி, ஏற்று இறக்கு கூலி: 30,000
• இரண்டு வீட்டுக்கும் வாடகை ஓடும் 15 நாள்: 9,000
• வீடு பார்க்க போய்வந்த செலவு, குடும்ப பயணம், சாப்பாடு: 15,000
• கேஸ், ஸ்கிரீன், லைட், பிளம்பர், எலக்ட்ரீஷியன்: 20,000

மொத்தம் 2,74,000 ரூபாய். இதில் லாரி செலவு பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான். பள்ளிக் கட்டணமும் வண்டி வரியும் இதில் சேரவே இல்லை.

இதில் அட்வான்ஸ் 1.5 லட்சம் உண்மையில் செலவு இல்லை, முடக்கம். என்றைக்கோ திரும்ப வரும். ஆனால் பெங்களூருவில் வீட்டை காலி செய்யும்போது பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையை பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், முழுசாக வராது. மீதி 1.24 லட்சம் போனது போனதுதான்.

சென்னை வீட்டில் கொடுத்து வைத்த அட்வான்ஸ் சாவியை ஒப்படைத்த பிறகுதான் வரும். சில ஓனர்கள் அடுத்த ஆள் குடி வந்த பிறகுதான் தருவார்கள். புது கம்பெனியின் முதல் சம்பளம் மாசக் கடைசியில். கம்பெனி இடமாற்றப் படி கொடுத்தாலும், பெரும்பாலும் பில் கொடுத்த பிறகே பணம் வரும். ஆக, போகும் பணம் எல்லாம் முதல் 10 நாளில், வரும் பணம் எல்லாம் 30 நாளுக்கு பிறகு. இந்த இடைவெளிக்குத்தான் கையில் பணம் வேண்டும்.

அட்வான்ஸில் பேரம் பேச முடியுமா?

முடியும். பெங்களூருவில் 5 முதல் 10 மாத வாடகையை அட்வான்ஸாக கேட்பது நீண்ட நாள் பழக்கம். மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு 2 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் அது மாதிரிதான். மாநிலங்கள் தனியாக சட்டம் கொண்டு வந்தால்தான் செல்லும். எனவே இதை காட்டி சண்டை போட முடியாது, பேச்சுவார்த்தைக்கு பயன்படுத்தலாம். 10 மாதம் கேட்கும் இடத்தில் 5 மாதத்துக்கு இறங்கினாலே, 25,000 வாடகைக்கு 1.25 லட்சம் மிச்சம்.

இன்னொன்று, வாடகையோடு நின்றுவிடாதீங்க. அபார்ட்மென்ட் என்றால் மெயின்டனன்ஸ் தனியா, தண்ணீர் தனியா, பார்க்கிங் தனியா என்று கேட்டு எழுதி வாங்குங்க. பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பாங்க, நோட்டீஸ் காலம் எத்தனை மாசம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கணும்.

பழைய வீட்டை பொறுத்தவரை, நோட்டீஸை வாய்மொழியாக சொல்லாமல் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ தேதியுடன் அனுப்புங்க. காலி செய்யும் நாளில் சுவர், குழாய், மின் மீட்டர் அளவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்க. அட்வான்ஸில் பிடித்தம் பற்றி தகராறு வந்தால் கைகொடுப்பது அதுதான்.

எதை ஏத்தணும், எதை விக்கணும்?

லாரி வாடகை சாமான் அடைக்கும் இடத்தை வைத்துத்தான் நிர்ணயிக்கப்படுகிறது. பழைய சோபா, பிளைவுட் கட்டில், பிரித்தால் மறுபடி சரியாக சேராத வார்ட்ரோப் ஆகியவை இடத்தை அடைப்பவை, விலை போகாதவை. புது வீட்டில் வார்ட்ரோப் சுவரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்க. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றை கொண்டு போவதே லாபம்.

தனி லாரியா, மற்றவர் சாமானோடு சேர்த்து அனுப்பும் பகிர்வு லோடா என்பதும் முக்கியம். பகிர்வு லோடு மலிவு. ஆனால் சாமான் வந்து சேர சில நாள் ஆகலாம், நடுவில் வண்டி மாற்றி ஏற்றப்படலாம். அந்த நாட்களுக்கு தேவையான பாய், குக்கர், பிள்ளைகளின் புத்தகம், மருந்து ஆகியவை கையோடு வரணும். நகையும் அசல் ஆவணங்களும் லாரியில் போகவே கூடாது.

ஆடி, மார்கழி மாதங்களில் நம்ம ஊரில் வீடு மாறுவோர் குறைவு. அதில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு பேரம் பேச நல்ல நேரம். மே மாதக் கடைசியும் ஒவ்வொரு மாதத்தின் கடைசி வாரமும் கிராக்கி அதிகம்.

நடுவழியில் "இன்னும் 15,000 கொடுங்க" என்றால்?

இந்த துறையில் அடிக்கடி கேட்கும் புகார் இதுதான். போனில் குறைந்த தொகை சொல்வார்கள். சாமானை ஏற்றிய பிறகு டோல், செக்போஸ்ட் வரி, ஆக்ட்ராய், கூடுதல் சாமான் என்று தொகை ஏறும். கொடுக்காவிட்டால் லாரி வராது.

இதில் சிலவற்றை உடனே மறுக்கலாம். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி அமலானபோதே ஆக்ட்ராய் என்ற நுழைவு வரி அதில் அடங்கிவிட்டது. பயன்படுத்திய வீட்டு சாமான்களுக்கு இ-வே பில்லும் தேவையில்லை. இந்த பெயர்களில் பணம் கேட்டால் ஏமாற்று என்று அர்த்தம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை:

• வீட்டுக்கு வந்து அல்லது வீடியோ காலில் சாமானை பார்த்த பிறகே விலை பேசுங்க. குறைந்தது 3 இடத்தில் கேளுங்க.
• ஜிஎஸ்டி, டோல், மாடி ஏற்றும் கூலி எல்லாம் சேர்த்த தொகையா என்று எழுத்தில் வாங்குங்க.
• பிரபல நிறுவனத்தின் பெயரை போலவே பெயர் வைத்தவர்கள் உண்டு. ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டு, பெயரும் முகவரியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்க.
• சாமான் பட்டியல், சரக்கு ரசீது, லாரி எண் மூன்றும் கைக்கு வந்த பிறகே வண்டி கிளம்பணும்.
• முழுத் தொகையை முன்கூட்டி கொடுக்காதீங்க. ஒரு பகுதி இறக்கிய பிறகுதான்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் உஷார். சாமான் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று மூவர்ஸ் நிறுவனம் தனியாக ஒரு தொகை வாங்கினால், அது இன்சூரன்ஸ் ஆகிவிடாது. காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண் இருக்கிறதா என்று கேளுங்க. சரக்குப் போக்குவரத்து சட்டம் 2007இன்படி, சாமான் தொலைந்தால் சரக்கு நிறுவனத்தின் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதிக மதிப்பை அறிவித்து கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால்தான் அதற்கு மேல் கேட்க முடியும். அதைவிட முக்கியம், புக் செய்த நாளில் இருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் அனுப்பாவிட்டால் வழக்கே போட முடியாது.

பணம் கேட்டு சாமானை பிடித்து வைத்தால் போலீசில் புகார் கொடுக்கலாம். ஒப்படைத்த சரக்கை கொண்டு செல்பவரே மோசடி செய்வது, பாரதிய நியாய சன்ஹிதா 316ஆவது பிரிவில் தனியாகவே குற்றமாக உள்ளது. நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நீங்க குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். பெங்களூருவில் இருந்துகொண்டு இதற்காக சென்னைக்கு அலைய வேண்டாம்.

பைக், கார் என்ன செய்வது?

பைக்கை ரயிலில் பார்சலாகவோ, பயணச்சீட்டு இருந்தால் லக்கேஜாகவோ அனுப்பலாம். பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கணும், ஆர்சி நகலும் அடையாள அட்டையும் வேண்டும்.

வேறு மாநிலத்தில் ஒரு வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு பழைய ஆர்டிஓ-வில் படிவம் 28 மூலம் தடையில்லா சான்று வாங்கணும். வண்டிக்கு கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை. நாட்டிலேயே வாகன வரி அதிகமுள்ள மாநிலங்களில் கர்நாடகாவும் ஒன்று. வண்டியின் வயதை பொறுத்து வரி குறையும். தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதி காலத்துக்கானதை திரும்ப கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் முதலில் அங்கே கட்டணும். பழைய கார் என்றால், இங்கேயே விற்றுவிடுவது லாபமா என்று கணக்கு பார்த்துவிடுங்க.

அடிக்கடி ஊர் மாறும் வேலை என்றால் 2021இல் வந்த பிஹெச் வரிசை பதிவெண் உதவும். அரசு ஊழியர்கள், 4 அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் வாங்கலாம். வரியை இரண்டு இரண்டு ஆண்டுகளாக கட்டினால் போதும்.

கேஸ், ஸ்கூல், ஓட்டு: மறக்கக்கூடாத மூன்று

கேஸ்: சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இங்கேயே ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீது வாங்கணும். அன்று கட்டிய டெபாசிட்தான் திரும்ப வரும். புது ஊரில் இப்போதைய தொகை கட்டணும். 2022 ஜூன் மாதம் 14.2 கிலோ சிலிண்டருக்கான டெபாசிட் 1,450இல் இருந்து 2,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஸ்கூல்: கல்வி உரிமைச் சட்டம் 5ஆவது பிரிவின்படி, 8ஆம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழை பள்ளி உடனே தர வேண்டும். அது தாமதமானதை காரணம் காட்டி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. கர்நாடகாவின் 2015ஆம் ஆண்டு கன்னட மொழி கற்றல் சட்டம், கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாக கற்பிக்க சொல்கிறது. நடுவில் சேரும் பிள்ளைக்கு பள்ளி என்ன ஏற்பாடு செய்யும் என்று கட்டணம் கட்டும் முன்பே கேளுங்க.

ஓட்டு: புது முகவரிக்கு மாற படிவம் 8 கொடுக்கணும். இரண்டு ஊரிலும் பெயர் இருப்பது சட்டப்படி தவறு.

எப்போது எதை செய்வது?

• 60 நாள் முன்பு: பழைய வீட்டுக்கு நோட்டீஸ், பள்ளி விசாரணை.
• 30 நாள் முன்பு: வீடு முடிவு, வேண்டாத சாமான் விற்பனை, வண்டிக்கு என்ஓசி.
• 15 நாள் முன்பு: மூவர்ஸ் ஒப்பந்தம், பைக் பார்சல் விசாரணை.
• கடைசி வாரம்: கேஸ் ஒப்படைப்பு, மின் கட்டணம், வீடியோ பதிவு.

கடைசியாக ஒரு எளிய சோதனை. மொத்த பட்டியலை போட்டு, பழைய அட்வான்ஸ் 2 மாதம் தாமதமாக வந்தாலும் சமாளிக்க முடியுமா என்று பாருங்க. முடியாது என்றால், குடும்பத்தை உடனே அழைத்துப் போகாமல் ஒருவர் மட்டும் முதலில் போய் பிஜி விடுதியில் தங்கி, 2 மாத சம்பளம் வந்த பிறகு வீட்டை மாற்றலாம். கொஞ்சம் சிரமம்தான். ஆனால் புது ஊர் வாழ்க்கையை வட்டி கட்டிக்கொண்டே தொடங்குவதை விட அது மேல்.